விதைப்புக்கும் வெட்டுக்கும் நடுவே வீட்டுப் பாடம்

வீட்டில் பிள்ளைகளுக்குப் படிப்பிக்க நினைக்கும் பெற்றோர் பெரும்பாலும் பாடசாலை நேரசூசியை அப்படியே எழுதி விறாந்தைச் சுவரில் ஒட்டுவதோடுதான் தொடங்குவார்கள். எட்டு மணிக்குத் தமிழ், எட்டே முக்காலுக்குக் கணிதம், நடுவில் இடைவேளை. முதல் மழை விழுந்ததும் வீடே வயலுக்கு ஓடும். அயலில் ஒரு செத்தவீடு வரும். மாடு கன்று போடும். நேரசூசி அன்றோடு சரி. அதற்குப் பிறகு அந்தத் தாள் சுவரிலிருந்து தாயைக் குற்றஞ்சாட்டிக்கொண்டே இருக்கும்.

இலங்கையின் வடக்கே வன்னியில் ஒரு கிறிஸ்தவ வீட்டில் என்ன வந்தாலும் தவறாதவை மூன்று: காலைச் செபம், சாப்பாடு, மாலைச் செபம். பாடத்தை இந்த மூன்றோடு கட்டினால் அது நிற்கும், மணிக்கூட்டோடு கட்டினால் நிற்காது. என்ன படிப்பிப்பது என்பதை மழைக்கால நெற்செய்கையான காலபோகமும் கோடைச் செய்கையான சிறுபோகமும் பாதி தீர்மானித்துவிடும். மிச்சப் பாதிதான் பெற்றோரின் வேலை.

முதலில் சட்டப் பக்கத்தைச் சொல்லிவிட வேண்டும். இலங்கையில் 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 என்று இருந்த மேல்வயது 2016இல்தான் 16 ஆனது. ஆகவே இங்கே வீட்டுக் கல்வி என்று நடப்பதில் பெரும்பங்கு தரம் 1க்கு முந்திய வயதிலும், பாடசாலை விட்டு வந்த பிறகும், விடுமுறைகளிலும் நடப்பது. இந்தக் கட்டுரையும் அதைத்தான் மனதில் வைத்திருக்கிறது. முழுக்க வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்க நினைக்கிறவர்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் நேரே போய்க் கேட்டு, கிடைத்த பதிலை எழுத்தில் வாங்கி வைத்திருக்க வேண்டும். பாடசாலைப் பதிவு இல்லாத பிள்ளை 15 வயதில் தேசிய அடையாள அட்டைக்குக் கிராம அலுவலர் வழியாக விண்ணப்பிக்க வேண்டி வரும் என்பதும் நினைவிருக்கட்டும். பிறப்புச் சான்றிதழில் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அதைச் சின்ன வயதிலேயே திருத்திவிடுவது நல்லது.

காலைப் பாடம் செபம் முடிந்து, பாயைச் சுருட்டுவதற்கு முன் நடக்க வேண்டும். எழுந்து போன பிள்ளையைத் திரும்பக் கூப்பிட்டு இருத்துவதில் வீணாகும் நேரம் பாடத்தைவிட நீளம். நாலைந்து வயதுக்கு 10 முதல் 15 நிமிடம், ஆறு முதல் எட்டு வயதுக்கு ஒரு பாடத்துக்கு 20 நிமிடம், அதற்கு மேலே 30. அவ்வளவுதான். ஒருவருக்கு ஒருவராக இருந்து படிப்பிக்கும்போது 20 நிமிடத்தில் வகுப்பறையின் முழுப் பாடவேளை அளவு வேலை நடந்துவிடும். நாற்பது பிள்ளைகளின் கொப்பி திருத்தும் நேரம் இங்கே இல்லை. நீட்டினால் பிள்ளை கொட்டாவி விடும், தாய் குரலை உயர்த்துவாள், அடுத்த நாள் செபத்துக்கே பிள்ளை பிந்தி வரும். சித்திரை தொடங்கி ஆவணி வரை பதினொரு மணிக்குப் பிறகு தகரக் கூரையின் கீழே ஒன்றும் ஏறாது. அந்த மாதங்களில் எழுத்து வேலை காலையில், வாசித்துக் காட்டுவது மத்தியானம் வேம்பின் கீழே. இந்திய உதவியில் கட்டிய வீட்டுத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டில் தனிப் படிப்பறைக்கு இடமில்லை. தேவையும் இல்லை. ஒரு மூடியுள்ள பெட்டியும் ஒரு பாயும் போதும். பெட்டிக்குள் பிள்ளைக்கு ஒரு சதுரக்கோட்டுக் கொப்பி, ஒரு இரட்டைக்கோட்டுக் கொப்பி, பென்சில், அழிரப்பர், வீட்டுக்கு ஒரு சிலேட், ஒரு வேதாகமம். கறையானுக்குப் பெட்டியை நிலத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேலே தூக்கி வையுங்கள்.

எழுத்தில் தொடங்குவோம். தமிழின் 247 எழுத்தையும் அட்டையில் வரிசையாக ஒட்டி அ, ஆ என்று பாடமாக்குவது கேட்க இனிமை, வாசிக்க உதவாது. பிள்ளை வரிசையைப் பாடும், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டுக் கேட்டால் முதலிலிருந்து பாடித்தான் சொல்லும். ட, ப, ம என்ற நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்கி உடனே சொல்லுக்குப் போய்விட வேண்டும்: படம், பட்டம், மடம். ர வந்ததும் மரம். கை எளிதாக வரையும் எழுத்து முதலில், வளைவும் சுழியும் உள்ளவை பிறகு. ஒரு கிழமைக்கு மூன்று புதிய எழுத்துக்கு மேல் வேண்டாம். மெய்யும் அகர உயிர்மெய்யும் பழகியதும் ஆ-காரக் கால். இங்கேதான் முதல் சிக்கல்: அச்சில் ா-வும் ர-வும் பிள்ளையின் கண்ணுக்கு ஒன்று. ர-வின் அடியில் சாய்ந்த வாலைச் சிவப்புப் பென்சிலால் ஒரு கிழமை பூசிக் காட்டினால் போதும்.

அடுத்த சிக்கல் உகரம். எல்லா எழுத்துக்கும் ஒரே குறி இல்லாததால் வரிசையாகப் படிப்பித்தால் பிள்ளை குழம்பும். வடிவத்தைக் கொண்டு கூட்டமாகப் பிரியுங்கள். சு, பு, யு, வு: கீழே ஒரு கோடு இறங்கும். து, நு, லு, று, னு, ணு: கோடு இறங்கித் திரும்பி மேலேறும். டு, மு, ரு, ழு, ளு: கீழே வளைந்து இடப்பக்கம் சுற்றும். கு தனியாள். ஒரு கிழமைக்கு ஒரு கூட்டம் போதும். கொ, கோ வரிசையில் பிள்ளை ‘கெ’ என்று வாசித்து விட்டுத்தான் காலைக் காணும். கண் இடமிருந்து வலம் போகிறது, பிழை பிள்ளையில் இல்லை. கொம்பைக் கண்டால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தின் வலப்பக்கம் பார்த்துவிட்டுச் சொல் என்று விரலால் மறைத்து மறைத்துப் பழக்க வேண்டும்.

ள-வும் ழ-வும் எங்கள் பேச்சில் ஒரே ஒலிதான். ண-வும் ன-வும் கிட்டத்தட்ட அப்படியே. ஆகவே ‘வாயால் சொல்லிப் பார், தெரியும்’ என்பது இங்கே செல்லாது. சொல்வதெழுதலில் பழம், பள்ளம், குழம்பு, குளம் தவறும்போது திட்டாமல், கண்ணுக்குப் பழக்குங்கள். பத்துச் சொல் எழுதிய தாளைக் குசினிக் கதவில் ஒட்டி, கிழமை முடிவில் தாளை எடுத்துவிட்டு அதே பத்தையும் எழுதச் சொல்லுங்கள். தவறியவை மட்டும் அடுத்த தாளுக்குப் போகும்.

வாசிப்புக்கு வேதாகமத்தை முதல் நூலாக வைக்கும் வீடுகள் பல. அதில் ஒரு எச்சரிக்கை. 1871இல் முழுமையாக வெளிவந்த பழைய மொழிபெயர்ப்பு காதுக்கு இனிது, ஆனால் ஏழு வயதுக் கண்ணுக்குக் கடினம். ‘மேய்ப்பராயிருக்கிறார்’ என்ற ஒரே சொல்லில் பிள்ளை நின்றுவிடும். பென்சிலால் மேய்ப்பர், ஆய், இருக்கிறார் என்று மெல்லிய கோடு போட்டு வெட்டிக் கொடுத்தால் நடக்கும். கத்தோலிக்க வீடுகளில் உள்ள பொது மொழிபெயர்ப்பில் இந்தச் சங்கடம் குறைவு. தாய் வழி ஒரு சபை, தகப்பன் வழி வேறு சபை என்ற வீட்டில் இரண்டும் இருக்கும். வாசிப்புக்கு ஒன்று, மனனத்துக்கு ஒன்று என்று பிரித்துக்கொள்ளலாம். ஒரே சங்கீதத்தை (கத்தோலிக்கருக்குத் திருப்பாடல்) இரண்டிலும் மாறி மாறி மனனம் செய்ய விட்டால் பிள்ளை இரண்டையும் கலந்து ஒரு புது மொழிபெயர்ப்பு செய்துவிடும்.

மனனத்துக்குச் சின்னதில் தொடங்குங்கள். சங்கீதம் 117க்கு இரண்டே வசனம். பிறகு 100, ஐந்து வசனம். பிறகு 23, ஆறு. அதற்குப் பிறகு 121, எட்டு. கடைசி வசனத்தை முதலில் படிப்பித்துப் பின்னாலிருந்து முன்னே வருவது நல்ல வழி. ஒவ்வொரு முறையும் பிள்ளை தெரியாத இடத்திலிருந்து தெரிந்த இடத்துக்கு வந்து முடிக்கும், முடிவில் குரல் உயரும். முன்னிருந்து போனால் முதல் வசனம் இரும்பாகவும் கடைசி வசனம் முணுமுணுப்பாகவும் இருக்கும். ஞாயிறு பாடசாலை மேடையில் பாதிப் பிள்ளைகள் பாதியில் நிற்பது இதனால்தான். நீதிமொழிகளுக்கு 31 அதிகாரம். மாதத்தின் திகதிக்கு ஒன்று என்று பெரிய பிள்ளை தானாக வாசிக்கலாம், யாரும் அட்டவணை போட்டுக் கொடுக்கத் தேவையில்லை.

எழுத்துப் பயிற்சிக்கு அதே பகுதியைத்தான் எடுப்பது. திங்கள் இரண்டு வரி பார்த்தெழுதல். செவ்வாய் அதே வரியில் கடினச் சொற்களைச் சிலேட்டில் மூன்று முறை. புதன் பார்க்காமல் சொல்வதெழுதல். வியாழன் பிழை வந்த சொல் மட்டும். வெள்ளி வேறு ஏதாவது, அம்மம்மாவுக்கு ஒரு கடிதம் என்றாலும் சரி. நாளுக்கு ஒரு பக்கம் பார்த்தெழுத வைக்கும் வீடுகளில் முதல் மூன்று வரி அழகாகவும் மிச்சம் கோழி கிளறினதாகவும் இருப்பதைப் பார்க்கலாம்.

வரலாற்றுக்குப் புத்தகத்தைவிடக் கயிறு நல்லது. ஐந்தரை மீற்றர் நைலோன் கயிறு, உடுப்புக் காயப்போடும் கிளிப் பதினைந்து, வெட்டின அட்டைத் துண்டுகள். கயிற்றின் தொடக்கம் 1500ஆம் ஆண்டு, ஓர் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர். ஆண்டிலிருந்து 1500ஐக் கழித்தால் கிளிப் போடும் இடம் வரும், கழித்தலும் நடந்துவிடும். மன்னாரில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியன் காலத்தில் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட 1544 வருவது 44இல். ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்த 1658, 158இல். மாந்தையிலிருந்து மாதா சுரூபத்தோடு, இப்போது மாதா திருத்தலம் உள்ள மடுக் காட்டுக்குக் குடும்பங்கள் போனதாகச் சொல்லப்படும் 1670, அதற்குப் பன்னிரண்டு சென்ரிமீற்றர் தள்ளி. ‘ஏன் போனார்கள்?’ என்ற கேள்விக்கு விடை, ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய அந்தப் பன்னிரண்டு சென்ரிமீற்றருக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளையரை எதிர்த்த வன்னி அரசன் பண்டாரவன்னியனின் 1803, 303இல். கற்சிலைமடுவில் உள்ள அவன் நினைவுக் கல்லைப் பார்த்துவிட்டு வந்து கிளிப் போட்டால் மறக்காது. அமெரிக்க மிசன் யாழ்ப்பாணம் வந்த 1816, 316இல். முல்லைத்தீவைக் கடல் கொண்ட 2004, திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்த 2015, எல்லாம் கயிற்றின் நுனியில் நெருங்கி நிற்கும். பிள்ளை பிறந்த ஆண்டும் அங்கேதான்.

509ஆம் சென்ரிமீற்றர், போர் முடிந்த 2009, எங்கள் வீடுகளில் வெறும் பாடமல்ல. அந்தக் கிளிப்பைப் போடுங்கள், அட்டையில் ஆண்டை மட்டும் எழுதுங்கள். பிள்ளை கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் பதில். அப்பப்பாவையோ பெரியம்மாவையோ ‘பிள்ளைக்குச் சொல்லுங்கோ’ என்று இருத்தி வைத்துக் கேட்காதீர்கள். அவர்கள் சொல்லுகிற நாளில் தாங்களாகச் சொல்லுவார்கள். அன்றைக்கு வேறு பாடம் வேண்டாம்.

விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் வளவும் வயலும் இருக்கின்றன. மழைமானி ஒன்று செய்யலாம். ஒன்றரை லீற்றர் சோடாப் போத்தலில் பக்கம் நேராக உள்ளதைத் தெரிந்தெடுங்கள். இடுப்பு ஒடுங்கினது சரிவராது. மேலே சரிவு தொடங்கும் இடத்தில் வெட்டி, வெட்டின தலையைக் கவிழ்த்துப் புனல் போல உள்ளே வையுங்கள். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பதால் சிறு கற்கள் போட்டு, பக்கம் நேராகும் உயரம்வரை தண்ணீர் விட்டு, அந்த இடத்தில் பூச்சியக் கோடு. அதற்கு மேலே மில்லிமீற்றர்த் தாள். நிலத்திலிருந்து ஓரடி உயரத்தில், பக்கத்து மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்தில் கட்டுங்கள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் நாள் கணக்கு காலை 8.30க்கு முடிவதால் அதே நேரத்தில் வாசித்து, பூச்சியக் கோடு வரை மட்டும் மிஞ்ச ஊற்றிவிட வேண்டும். இரண்டு நாள் விட்டு வாசித்தால் வெயில் குடித்தது போக மிச்சம்தான் கிடைக்கும், நுளம்பும் முட்டையிடும்.

இனிக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். ஓர் ஏக்கர் ஏறத்தாழ 4047 சதுர மீற்றர். 25 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு இலட்சத்து ஓராயிரம் லீற்றருக்குச் சற்று மேல், 5000 லீற்றர் தண்ணீர் பவுசரில் இருபது. தரம் 6 பிள்ளை இதைத் தானே கண்டுபிடித்தால், கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டுவரும் தண்ணீர் பற்றியும் வான்கதவு திறக்கிற செய்தி பற்றியும் பிறகு தானாகவே கேள்வி கேட்கும்.

காலபோக விதைப்பில் மாற்கு 4ஆம் அதிகாரம் வாசிப்பதற்கு விளக்கவுரை தேவையில்லை. வன்னியில் பெரும்பாலும் வீச்சு விதைப்பு. வரம்பில் விழுந்த நெல்லைக் குருவி பொறுக்குவதைப் பிள்ளை பார்த்துக்கொண்டு நிற்கிறது. விதைத்து மூன்று நாலு கிழமையில் மத்தேயு 13இன் களை உவமை. நெல்லைப் போலவே எழும்பும் புல்லை எப்படிப் பிரிப்பது? இலை தண்டைப் பற்றும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே வெள்ளைத் தோல் போன்ற ஒரு நாக்கும் மயிர் முளைத்த இரண்டு சிறு காதுகளும் இருக்கும். அந்தப் புல்லுக்கு இரண்டும் இல்லை, மொட்டை. பத்துச் செடி பிடுங்கி நாக்கு உள்ளது, இல்லாதது என்று பிள்ளை பிரிக்கட்டும். இப்படிப் பொருந்தி வரும் இடம் பொருந்தட்டும். பெருக்கல் வாய்பாட்டுக்கும் ஒரு வசனம் தேடி ஒட்டுகிற பழக்கம் பாடத்தையும் கெடுக்கும், வசனத்தையும் கெடுக்கும்.

அடைக்கோழி இன்னொரு நல்ல கொப்பி. ஊர்க்கோழிக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை, ஒரே நாளில் வைக்க வேண்டும். நாள் தள்ளி வைத்தால் முதல் குஞ்சு பொரித்ததும் கோழி எழும்பிவிடும், பிந்தின முட்டை குளிர்ந்துபோகும். ஒவ்வொன்றிலும் பென்சிலால் இலக்கம் எழுதுங்கள், பேனை வேண்டாம். ஏழாம் நாள் இரவு ரோச் லைற்றை முட்டையின் பெரிய பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிலந்தி போல இரத்தக் குழாய் தெரியும். தெளிவாக இருப்பது கூழ்முட்டை, எடுத்துவிடலாம். கடைசி மூன்று நாளும் தொடக்கூடாது. 21ஆம் நாள் பொரிக்கும். நாளுக்கு ஒரு வரி எழுதினால் போதும்: கோழி எத்தனை மணிக்கு இரைக்கு எழும்பியது, எவ்வளவு நேரத்தில் திரும்பியது. இருபத்தொரு வரி எழுதின பிள்ளைக்கு, எருசலேமைப் பார்த்து இயேசு கோழியையும் குஞ்சையும் ஏன் சொன்னார் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

வெளியில் போகும் பாடத்துக்கு ஒரு கட்டுப்பாடு இங்கே உண்டு, இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. கண்ணிவெடி எச்சரிக்கும் மண்டையோட்டுப் பலகை கண்ட இடத்துக்கு உள்ளே கால் வைப்பதில்லை. பலகை இல்லாவிட்டாலும் பாவனையில் இல்லாத காட்டுத் துண்டுக்குள் பாலைப்பழத்துக்கு என்றாலும் போவதில்லை. தெரியாத இரும்போ பிளாஸ்ரிக்கோ கண்டால் தொடாமல், எறியாமல், வந்த தடத்திலேயே திரும்பிப் பெரியவரிடம் சொல்லுவது. பொலிசுக்கு 119. மழை இறங்கினால் புல்லில் வெறுங்காலோடு இல்லை. பாம்பு கடித்தால் கட்டுப்போடவோ கீறவோ கூடாது, அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு, 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும். பிள்ளை இந்த இரண்டு இலக்கத்தையும் சங்கீதம் போலவே மனனமாகச் சொல்ல வேண்டும்.

மாலைச் செபம் கால் மணித்தியாலம். ஒரு பாட்டு, ஒரு சங்கீதம், பத்துப் பதினைந்து வசன வாசிப்பு, ஒவ்வொருவரும் ஒரு நன்றி. கத்தோலிக்க வீட்டில் செபமாலை இருந்தால் வாசிப்பைச் சாப்பாட்டுக்கு முன் தள்ளிவிடலாம். இரண்டையும் சேர்த்தால் செபமாலையின் கடைசிப் பத்து மணிகளுக்குள் சின்னது நித்திரை. வாசித்த பிறகு பிள்ளையிடம் ‘என்ன விளங்கிச்சு?’ என்று கேட்டால் ‘ஒண்டும் இல்லை’ என்றுதான் வரும். ‘கதையில் நீ எங்கே நின்றிருப்பாய்?’ என்று கேளுங்கள். செபத்துக்குள் கண்டிப்பதை மட்டும் நிறுத்த வேண்டும். ‘ஆண்டவரே, கணக்குக் கொப்பியை ஒளித்துவைத்த இந்தப் பிள்ளைக்கு நல்ல புத்தி கொடும்’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவது செபமல்ல, திட்டு. பிள்ளைக்கு அது தெரியும், பதில் சொல்ல வழியில்லாததால் பேசாமல் இருக்கிறது.

மூத்த பிள்ளையை வைத்துச் சின்னதுக்குப் படிப்பிப்பது கிழமைக்கு இரண்டு நாள் நல்லது. வாசித்துக் காட்டுவதும் எழுத்து அட்டை காட்டுவதும் அண்ணாவோ அக்காவோ செய்யலாம். கணிதம் விளக்குவதும் கொப்பி திருத்துவதும் பெற்றோர்தான். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை ஆண்டில் பிள்ளைக்குப் பாடசாலையும் ரியூசனும் சேர்ந்து மூச்சு விட இடமிராது. அந்த ஆண்டில் வீட்டுப் பாடத்தைக் கூட்டாமல் வாசித்துக் காட்டுவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பாடப்புத்தகம் கிழிந்தால் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் அதே புத்தகம் இலவசமாக இருக்கிறது.

அரிவு வெட்டு நாட்கள், காய்ச்சல், விருந்தாளிகள், ஆவணியில் மடுவில் கூடாரம் போட்டிருக்கும் நாட்கள், இவற்றுக்கு ஒரு குறைந்த அளவை முன்கூட்டியே தீர்மானித்து வையுங்கள்: ஒரு சங்கீதம் சத்தமாக, ஐந்து கணக்கு சிலேட்டில். அதுவும் முடியாத நாளில் சங்கீதம் மட்டும். விடுபட்டதை அடுத்த கிழமையில் இரட்டிப்பாக்கி ஏற்றாமல், கொப்பியில் திகதியைப் போட்டு ‘வெட்டு’ என்றோ ‘மடு’ என்றோ எழுதிவிட்டு, விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் தொடங்குங்கள்.